தீவாந்தரமும் தீவுலாவும்

'தீவாந்தரம்' என்றொரு சொல் தமிழில் நெடுங்காலம் வழங்கி வந்தது. வேற்றுத் தீவு என்பதற்குமேல் அச்சொல்லின் உறுப்புகளில் வேறு பொருள் இல்லை. ஆயினும் நம் பாட்டனார் காலத்தில் அதனைக் கேட்டவர் எவரும் நீலக் கடலையும் வெண்மணலையும் எண்ணியதில்லை. விலங்கு பூட்டிய கைகளையும் திரும்பி வாராத கப்பலையுமே எண்ணினர். வ. உ. சிதம்பரனாருக்கு 1908ஆம் ஆண்டில் முதற்கண் விதிக்கப்பட்டதும் தீவாந்தரத் தண்டனையே. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டமையால் அவர் கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார். ஊரை நீங்கி, உறவை இழந்து, நாற்புறமும் நீர் சூழத் தனித்துக் கிடக்கும் இடமே தீவு என்று ஒரு காலத்துத் தமிழுள்ளம் அறிந்திருந்தது.

இன்று பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஆசிரியர் அறையில் எழும் பேச்சே வேறு. லங்காவிக்குச் செல்வதா, பங்கோருக்குச் செல்வதா, சற்றுக் கூடுதலாகச் செலவிட்டு ரெடாங்கையோ பெர்ஹெந்தியானையோ பார்த்து வருவதா என்று குடும்பத்தோடு கணக்கிடுகின்றோம். தீவுக்கு அனுப்பப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் தீவைத் தேர்ந்தெடுக்கின்றனர். மூன்று நான்கு தலைமுறைக்குள் ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு தலைகீழாகியது சிறிய செய்தியன்று. தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு வந்துவிட்டது. தேர்ந்தெடுக்கும்போது நாம் எதனைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்னும் வினாவும் அதனோடு வந்திருக்கிறது. துன்பம் நிகழ்ந்த நிலத்தில் இன்பத்தை நாடுதல் முறையாகுமா என்பது அவ்வினாவின் ஒரு கூறு. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்ள விழைகின்றேன்.

பொதுவாக நாம் தீவைத் தேர்வது எவ்வாறு? முதலில் பணம், பின்னர்ப் பருவம். கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். விடுதிகள் பல அக்காலத்தில் அடைபட்டிருக்கும். இதனை அறியாது திட்டமிட்டு, கடைசி வாரத்தில் லங்காவிக்கு மாறிக்கொண்ட குடும்பங்கள் பலவற்றை யான் அறிவேன். அடுத்தது கடைவீதி. லங்காவி 1987ஆம் ஆண்டிலும் பங்கோர் 2020ஆம் ஆண்டிலும் தீர்வையற்ற தீவுகளாக்கப்பட்டன. சாக்லேட்டும் சட்டிபானையும் மலிவாகக் கிடைக்கும் என்பதற்காகவே கடல் தாண்டுவோரும் உளர். அதன்பின் பிள்ளைகளின் விருப்பம். இவ்வளவும் பேசி முடிந்தபின், வீட்டின் தாயிடம், "என்ன, சரிதானே?" என்று கேட்பர். அவரும் சரி என்பார். கடற்கரைக்குச் சென்றபின்னும் சோற்றுப் பானையும் சாம்பார்ச் சட்டியும் அவர் பொறுப்பிலேயே இருக்கும். விடுமுறை யாருக்கு என்னும் கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்குப் பின்னர் வருவேன்.

பாயான் பாருவில் வாழும் எமக்கு மிக அண்மையிலுள்ள தீவு ஜெரெஜாக். கிழக்குக் கரையோர நெடுஞ்சாலையிற் செல்லும் எவர் கண்ணுக்கும் அது தப்பாது. பச்சைக் குன்று ஒன்று கடலில் கவிழ்ந்து கிடப்பதுபோல் தோன்றும். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதனைப் பார்த்தவாறே தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். 1868ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அத்தீவைத் தொழுநோயாளர் காப்பிடம் ஆக்கினர். 1870களில் அங்கே குடியேறிகளுக்கான தொற்றுத்தடை முகாம் எழுந்தது. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டதென்றால், தளத்தில் படுத்து வந்த பயணிகள் பினாங்கு மண்ணை மிதிக்குமுன் அங்கே இறக்கப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழருள் பலர் மலாயாவில் முதன்முதல் மிதித்த மண் ஜெரெஜாக்கின் மண்ணே. பின்னர்க் காசநோயாளருக்கும் அங்கு இடம் அமைந்தது. 1969 முதல் 1993 வரை அது கடுங்காவற் சிறைத் தீவாயிற்று. 2004ஆம் ஆண்டில் அதே தீவில் ஓர் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அவ்விடுதி பின்னாளில் மூடப்பட்டது. தீவை வீடுகளும் விடுதிகளுமாக மாற்றும் திட்டங்கள் அவ்வப்போது பேசப்பட்டு வந்துள்ளன. நோயாளி, குடியேறி, கைதி, சுற்றுலாப் பயணி ஆகிய நால்வரையும் அடுத்தடுத்துக் கண்ட நிலம் அது. முதல் மூவரும் தாமாக விரும்பி அங்கே வந்தவரல்லர்.

அவ்விடுதி நடைபெற்று வந்த காலத்தில், பெற்றோர் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஒருநாள் குடும்பச் சுற்றுலாவுக்கு இடம் தேடினோம். படகுக் கட்டணம் குறைவு, தொலைவும் இல்லை, ஆகவே ஜெரெஜாக் எனச் சிலர் கூறினர். அப்போது பேத்தியின் பொருட்டு வந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். "அந்தத் தீவா ஐயா? எங்கம்மா கப்பல்ல இருந்து எறங்கி அங்கதான் பதினஞ்சு நாள் கெடந்தாங்க. கூட வந்த தம்பிய அங்கயே பொதச்சுட்டு வந்தாங்க. அங்க போயி எங்களச் சிரிக்கச் சொல்றீங்களா?" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. சற்றுப் பொறுத்து இளந்தந்தை ஒருவர், "பாட்டி, கோவிச்சுக்காதீங்க. அப்படிப் பார்த்தா நாம எங்கதான் போறது?" என்று பணிவோடு கேட்டார்.

இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. இளைஞரின் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். அது தோன்றுமளவு எளிதன்று.

துன்பம் படிந்த தீவை விலக்க வேண்டுமெனின், முதலில் விலக்கத்தக்கது பினாங்குத் தீவே. மருது பாண்டியர் 1801ஆம் ஆண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களைச் சேர்ந்தோருள் எழுபதுக்கும் மேற்பட்டோர், 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில், தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் கொண்டு செல்லப்பட்ட இடம் அந்நாளில் வேல்சு இளவரசர் தீவு எனப் பெயர் பெற்றிருந்த இப்பினாங்கே. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவர். அப்போது அவர் பதினைந்து வயது மதிக்கத்தக்க சிறுவர். மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்ற வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1818ஆம் ஆண்டில் பினாங்கு வந்தபோது துரைசாமியைக் கண்டார். தம் நினைவுக் குறிப்புகளிலும் அச்சந்திப்பை எழுதி வைத்தார். முப்பதைச் சற்றே கடந்த அம்மனிதர் முதுமையால் தளர்ந்த கிழவர்போல் தோன்றினாராம். அவரைப்போல் தண்டனை பெற்று இந்தியாவிலிருந்து வந்தோர் பல்லாண்டுகள் இத்தீவின் சாலைகளை இட்டனர், சதுப்பைத் தூர்த்தனர், கட்டடங்களை எழுப்பினர். 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்தம் உழைப்பு உண்டு. இன்று அதன் வெண்தூண்களின் முன் நின்று படமெடுத்துக்கொள்வோர்க்கு அது தெரியாது.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானச் சேவை தொடங்கியது. சிவகங்கைச் சீமையில் பிறந்த ஒருவர் விடுமுறைக்காகப் பினாங்கைத் தேர்ந்து பத்து பெரிங்கிக் கடற்கரையில் காலாற நடப்பதும் அதனால் எளிதாகியிருக்கிறது. துரைசாமி சிறைப்பட்ட தீவில் அவர் மகிழ்வது தவறு என்று யார் சொல்ல இயலும்? அந்தமானும் அவ்வாறே. 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கொட்டடிச் சிறையை 1979ஆம் ஆண்டில் நாட்டின் நினைவகமாக்கினர். அச்சிறையைப் பார்த்துவிட்டு அன்று மாலையே கடலாடச் செல்கின்றனர் மக்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கில் 52 உயிர்களைக் கொண்டது; விடுமுறை நாளைக் கடற்கரையில் கழிக்கச் சென்ற குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். அக்கரைகளிற் பிள்ளைகள் மீண்டும் விளையாடுகின்றனர். விளையாடத்தான் வேண்டும். அழுகைக்கு ஒரு நிலத்தை என்றென்றைக்குமாக எழுதிக் கொடுத்துவிடுதல், இறந்தோர்க்கு நாம் செய்யும் மரியாதையன்று. தம் வழியினர் அச்சமின்றிக் கடலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும்தான் அவர்கள் உழைத்தார்கள்.

இவ்வளவும் இளைஞர் பக்கத்து வாதம். இதனால் மூதாட்டியின் கூற்று வீழ்ந்துவிட்டதாகக் கருதலாகாது. அவர் சொற்களை மீண்டும் நோக்குக. அங்கே போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. "சிரிக்கச் சொல்றீங்களா?" என்றே கேட்டார். தம் தாய் தம்பியைப் புதைத்த மண்ணில், அத்தகைய ஒன்று நிகழ்ந்ததையே அறியாதவர்போலத் தாமும் இருந்து களிக்க வேண்டுமா என்பதே அவர் வினா. இன்பத்தை அவர் மறுக்கவில்லை, அறியாமையையே மறுத்தார்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒரு தீவின் கதையை அறிந்து செல்பவர்க்கும் அறியாது செல்பவர்க்கும் கடல் நீரின் சுவை ஒன்றே. அறிய வாய்ப்பிருந்தும் அறிய வேண்டாம் என்று ஒதுக்குபவர் மட்டும் வேறு வகையினர். அவர் தீவைத் தேர்ந்தெடுக்கவில்லை. விளம்பரத் தாளில் உள்ள படத்தைத் தேர்ந்தெடுக்கின்றார். படத்தில் மணலும் தென்னையும் உண்டு. அங்கே வாழ்ந்தோர் இல்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கைவிடப்பட்ட மருத்துவமனைகளையும் சிறைகளையும் பற்றிப் பேய்க்கதை பரப்புதல் இந்நாளில் ஒரு வாடிக்கையாகிவிட்டது. ஜெரெஜாக்கும் இதற்குத் தப்பவில்லை. விரலிழந்தும் முகம் சிதைந்தும், பெற்ற பிள்ளையைத் தொட இயலாமலும் ஒருவர் அங்கே இருந்து மடிந்தார். உயிரோடு இருந்தபோது மக்கள் அவரைக் கண்டு அஞ்சி ஓடினர். மடிந்தபின் அவரைப் பேயாக்கி, அஞ்சுவதற்கென்றே காசு கொடுத்து வருகின்றனர். முன்னது அறியாமை எனப் பொறுக்கலாம். பின்னதை என்னால் பொறுக்க இயலவில்லை. மாணவர் இதனைப் பொழுதுபோக்காக எண்ணிச் சொல்லும்போதெல்லாம், அப்'பேயின்' பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பது என் வழக்கம். விடை வாராது, சிரிப்பு மட்டும் நின்றுவிடும்.

நினைவையும் மகிழ்வையும் ஒருங்கே வைத்துக்கொள்ளுதல் இயலாததன்று. லங்காவிக்குச் செல்வோர் மசூரியின் கல்லறையைக் காணாது திரும்புவது அரிது; குற்றமற்றவளைக் கொன்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கடற்கரைக்குச் செல்கின்றனர். லங்காவிக்கு வடக்கே, தாய்லாந்தைச் சேர்ந்த தருதாவ் தீவு ஒரு காலத்தில் அரசியற் கைதிகளின் சிறை. 1974 முதல் தேசியப் பூங்கா. திரங்கானுக் கடலில் பீடோங் தீவு 1978 முதல் 1991 வரை வியட்நாமிய ஏதிலியரின் முகாமாக விளங்கியது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் அதன் வழியாக உலகெங்கும் சென்றனர். அவர்களுட் சிலர் முதுமையில் பிள்ளைகளோடு திரும்பி வந்து, தாம் இறங்கிய கரையைப் பார்த்துச் செல்கின்றனர். ஒரு காலத்தில் தம்மை இருத்தி வைத்த தீவை அவர்கள் இப்போது தாமாகத் தேர்ந்து வருகின்றனர். பயணத்தில் இதனினும் உயர்ந்த வகை ஒன்றை யான் அறியேன்.

செல்வம் மிக்கோர் விடுமுறைக்குப் பெரிதும் நாடுவது கரீபியத் தீவுகளை. அங்கும் நம்மவர் கதை உண்டு. டிரினிடாட்டுக்கு அருகிலுள்ள நெல்சன் தீவில் 1866 முதல் 1917 வரை இந்திய ஒப்பந்தக் கூலிகள் இறக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அதனை அவர்களுடைய ஜெரெஜாக் எனலாம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட குவாதலூப்புக்கு 1854 முதல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களுட் பலர். மொழி போயிற்று, மாரியம்மன் நின்றாள். அத்தீவில் 1863ஆம் ஆண்டில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வழியினரும் பிரெஞ்சுக் குடிமக்களே, அவர்க்கும் வாக்குரிமை உண்டு என்று 1904ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகள் வழக்காடி 1923ஆம் ஆண்டில் வென்றார். அங்கே கரும்பு வெட்ட வந்தோரின் கொள்ளுப் பேரர் இன்று விடுதிகளில் பயணியரை வரவேற்று நிற்கலாம். வரும் பயணியருள் ஒருவர் சிரம்பானிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ சென்ற தமிழராகவும் இருக்கலாம். ஒருவரையொருவர் அறியாமலே சாவியைக் கொடுத்து வாங்கிக்கொள்வர்.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் மணிபல்லவம் நினைவுக்கு வாராது போகாது. மணிமேகலை அத்தீவைத் தேர்ந்து சென்றவளல்லள். உவவனத்தில் உறங்கியவளைத் தெய்வம் எடுத்துச் சென்று அங்கே வைத்தது. விழித்தெழுந்து, தமர் எவரையும் காணாது அரற்றினாள். தனித்து விடப்பட்ட அத்தீவிலேதான் புத்தபீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்ந்தாள். தீவு என்பது பழம்பிறப்பு உணருமிடம் என்று சாத்தனார் அமைத்தது எத்துணைப் பொருத்தம்! பழம்பிறப்பு என்பதை நம் குடியின் முன்வரலாறு எனக் கொண்டால், ஜெரெஜாக்கும் நமக்கு ஒரு மணிபல்லவமே. மாணவர் இக்காதையைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு, எதிரே கிடக்கும் தீவைப் பாராமல் செல்வது எனக்கு ஏற்புடையதன்று.

அதே தீவில் ஆபுத்திரன் கதையும் நிகழ்ந்தது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அவன் கையில் இருந்தது. நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதால் இரப்போர் இலராயினர். சாவக நாட்டில் பசி என்று கேட்டு அவன் கப்பலேறினான். காற்றின் பொருட்டு மணிபல்லவத்தில் கப்பல் நின்றது, அவன் இறங்கினான், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் சென்றுவிட்டது. ஆளற்ற தீவில் அமுதசுரபி இருந்தும், ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாமையால், தான் மட்டும் உண்ண மனமின்றிப் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். அவன் தேடிச் சென்ற சாவகம் என்பது நாம் வாழும் இத்தென்கிழக்குக் கடலைச் சேர்ந்த நாடுதான் என்பது அறிஞர் பலர் கருத்து.

ஆபுத்திரனைப்போல் உயிர் துறக்க வேண்டும் என்று விடுமுறைக்குச் செல்பவர் எவரிடமும் யான் சொல்லப்போவதில்லை. ஆனால், தனியார் கடற்கரை, தனியார் தீவு என்று விளம்பரம் செய்யப்படும் இன்பம், அவன் எய்த்த நிலையையே விலைக்கு வாங்குவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் நிறைந்த பாத்திரமும், உடனிருந்து உண்ண ஒருவரும் இல்லாக் கரையும்! குடும்பத்தோடு செல்வது தனிமையன்று என்பீர். அப்படியாயின் குடும்பத்தில் அனைவரும் செல்கின்றனரா என்று பாருங்கள். தாய் அடுப்போடு செல்கின்றார். முதியோரைக் கால் வலியைக் காரணம் காட்டி வீட்டில் விட்டுச் செல்கின்றோம். விடுதியில் நம் படுக்கையை விரிப்பவர் வங்காளத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். அவர் இத்தீவைத் தேரவில்லை, முகவர் தேர்ந்து கொடுத்தார். நம் கொள்ளுப்பாட்டனாரைக் கங்காணி கொண்டுவந்ததுபோலவே அவர் வந்திருக்கின்றார். அவரிடம் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, நம் பிள்ளைகளையும் கேட்கச் செய்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அவ்வாண்டு எம் சுற்றுலாவுக்கு என்ன முடிவு செய்தோம் என்று கேட்பீர்கள். இடத்தைத் தேரும் பொறுப்பைப் பாட்டிமார்களிடமே விட்டோம். அவர்கள் பங்கோரைத் தேர்ந்தனர். அங்கே கடலை நோக்கியவாறு பத்ரகாளியம்மன் கோயில் இருப்பதே காரணம். செலவு கூடிற்று, இளைஞர் சிலர் முணுமுணுத்தனர். மதிய உணவைக் கடையிலிருந்து வரவழைத்தோம். தாய்மார் அன்று நீரில் இறங்கினர். ஜெரெஜாக்கிற்கு மறு ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவரை மட்டும் வரலாற்றுப் பாடத்தின் பொருட்டு அழைத்துச் சென்றோம். அம்மூதாட்டியும் உடன் வந்தார். கரையில் இறங்கியதும் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர்ப் பிள்ளைகளுக்கு முறுக்குப் பங்கிட்டார்.

எஞ்சுவது ஆசிரியர்க்கே உரிய ஓர் ஐயம். எட்டு வயதுப் பிள்ளையின் விடுமுறையில் இத்தனைச் சுமையை ஏற்றலாமா? ஏற்ற வேண்டியதில்லை. படகு கரையை நீங்கும்போது, "உன் கொள்ளுப்பாட்டியின் அம்மா இந்தக் கடல் வழியாகத்தான் வந்தார்" என்று ஒரு வரி சொன்னால் போதும். ஏன் வந்தார், யாரோடு வந்தார் என்று பிள்ளை கேட்டால் மேலே சொல்லலாம். கேளாவிடின், போய் நீந்தட்டும்.